பொங்கலுக்குப் பூசிய நீலம்

அத்தியாயம் ஒன்பது

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்ததிலிருந்து ரெம்பாவில் எங்கள் கடையில் கிடைப்பது இரண்டே சரக்கு. ஒன்று நான் காய்ச்சும் தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம். இன்னொன்று சிங்காரவேலு அண்ணனின் மூளை. முதலாவது எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. இரண்டாவது நுரைக்க ஆரம்பித்தால் சைக்கிள் மிதிப்பவன் நான்தான்.

அண்ணன் முன்பு சிரம்பான் போலீசில் சாதா உடுப்பில் திரிந்த துப்பறிவாளர். வெள்ளைக்காரன் ஓடியதும், புதுத் துரைமார்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கனி. நல்ல காலத்தில் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசியவன். கோதுமை மாவு கப்பலோடு போனது, என் தொழிலும் போனது. இப்போது ஊரெல்லாம் மரவள்ளிக் கிழங்கு. அதை வீசினால் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அன்று காலை ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து முத்தாயி அக்கா வந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, எங்க லயத்துல நீலாவதி வீட்டுக்குள்ள வெள்ளை அடிச்சிருக்கா."

"நல்ல சேதிதானேக்கா? பொங்கல் வருதுல்ல," என்றேன்.

"வெறும் வெள்ளை இல்ல. நீலம் கலந்து அடிச்சிருக்கா. லேசா, கண்ணுக்குக் குளுமையா. கதவு தொறந்திருந்தா வாசல்ல போறவங்க எல்லாருக்கும் தெரியுது."

"சோத்துக்கே வழியில்ல, சுவருக்கு நீலமா? கொடுத்து வெச்ச சுவரு லா அது."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். 

அக்கா சொன்னாள். நீலாவதியின் புருஷன் அய்யாக்கண்ணு. முத்தாயியின் ஒரே மகன் சடையன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று லாரி வந்தது. இருவரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். சடையனுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை.

"லாரி கெளம்புறப்ப நான் அய்யாக்கண்ணு கையைப் புடிச்சு மாரியம்மன் சூடத்து மேல வெச்சேன். எம்புள்ளைய விட்டுட்டு வந்துராதடான்னு கேட்டேன். அவன் சிரிச்சான் தம்பி. வந்தா ரெண்டு பேரும் வருவோம், இல்லாட்டி ரெண்டு பேருமே வரமாட்டோம், போதுமான்னான். போதும்டான்னேன்." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அவன் வந்துட்டான். எனக்குத் தெரியும். தப்பிச்சு வந்திருப்பான், ஒளிச்சு வெச்சிருக்கா. தெனம் சாயந்தரம் என்கிட்ட வந்து உக்காந்து பேசுறவ, இப்ப என்னைப் பாத்தாலே கதவைச் சாத்துறா."

"உங்களுக்கு என்ன தெரியணும்க்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"வேற ஒண்ணுமில்ல தம்பி. எம்புள்ள உசுரோட இருக்கானா? அய்யாக்கண்ணுகிட்ட அது ஒண்ணை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவன் ஒளிஞ்சிருக்கிறது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஜப்பான்காரன் தலையை எடுத்துருவான்."

"கனி, சைக்கிளை எடு," என்றார் அண்ணன்.

எங்கள் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் கிடையாது. தோட்டத்து ரப்பரைக் கெட்டியாக வார்த்துச் சுற்றியிருந்தோம். கல்லில் ஏறினால் பல் ஆடும். அண்ணன் பின்னால் உட்கார்ந்துகொண்டு யோசிப்பார். அவர் யோசிக்க யோசிக்க பாரம் கூடுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

தோட்டத்தை எட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சவுக்காரம் விற்கிறவர்கள் போல லயத்தில் நுழைந்தோம். நீலாவதி கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. வாசல் தகரம் ஒழுகியது. நாங்கள் நனைந்த கோழிகள் மாதிரி நிற்பதைப் பார்த்து, "மழை விடுறவரைக்கும் உள்ள நில்லுங்கண்ணே," என்றாள்.

உள்ளே ஒரே அறை, பின்னால் அடுப்படி. பலகைச் சுவரில் அந்த நீலம். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக லயம் என்றாலே கரியும் புகையும்தான் பார்த்திருக்கிறேன். இந்த அறையில் மட்டும் யாரோ கல்யாணத்துக்குத் தயாராகிற மாதிரி இருந்தது.

"கல்யாண வீடு மாதிரி இருக்கே தங்கச்சி," என்றேன்.

"ஆமாண்ணே. எங்க தோட்டத்துல புதுசா கல்யாணமானவங்க ரூமுக்கு நீலம் கலந்துதான் அடிப்பாங்க. எங்க கல்யாணத்துக்கு சடையன்தான் அடிச்சுக் குடுத்தான். மூஞ்சி கையெல்லாம் நீலம் அவனுக்கு." சொல்லிவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் எதிர்ச் சுவரில் சாய்ந்து அடுப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்பக்கம் திறந்திருந்த கதவுக்குப் பின்னால், இருட்டில் முதுகைச் சாய்த்தேன். மழை விட்டதும் சவுக்காரம் ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே வந்த பிறகு அண்ணன் வாயைத் திறந்தார். "ஆள் உயிரோட இருக்கான்டா. உள்ள இல்ல, பக்கத்துல எங்கயோ இருக்கான்."

"குங்குமம் வெச்சிருக்காளே, அதை வெச்சா சொல்றீங்க?"

"குங்குமத்தை யாரும் வெச்சுக்கலாம். சுவரைப் பாரு. துக்கம் நடந்த வீட்டுல ஒரு வருஷத்துக்குப் பொங்கல் கிடையாது. வெள்ளை அடிக்கமாட்டாங்க. கைப்பிடிச் சுண்ணாம்பு படாது. புருஷன் செத்த சேதி கேட்ட எந்தப் பொம்பளையும் எங்க ஜனத்துல அதைச் செய்யமாட்டா. சந்தேகமா இருந்தாக்கூட கை வராது. அவ நீலமே போட்டிருக்கா. அப்போ அவன் இருக்கான்னு அவளுக்கு நிச்சயமாத் தெரியும்."

"எங்க முஸ்லிம் வீடுகள்ல அப்படியெல்லாம் கணக்கு இல்லைண்ணே."

"அதான் உனக்கு விளங்கல."

"சரி, நீலம் எங்கேர்ந்து வந்துச்சு? மலாய்க்காரங்க பலகாரத்துல போடுறாங்களே, சங்குப்பூ, அதுவா?"

"சுண்ணாம்புல சங்குப்பூச் சாறு விழுந்தா பச்சையாயிரும். இது துணிக்குப் போடுற நீலம். இந்தக் காலத்துல அது யார்கிட்ட இருக்கும்? ஜப்பான் அதிகாரிங்களோட வெள்ளை உடுப்பைத் துவைக்கிறவன்கிட்ட இருக்கும். தம்பின் டவுனுக்கு விடு சைக்கிளை. புருஷன் கூட வந்து வாங்கினானா, ஆள் அனுப்பினானான்னு அங்க தெரிஞ்சிரும்."

தம்பினுக்கு! அவ்வளவு தூரமும் மிதிக்கப் போவது நான்தானே. வழியில் ஜப்பான்காரன் காவல் சாவடியில் இறங்கிக் குனிந்து கும்பிட்டோம். அண்ணன் குனிந்தது பத்தாது என்று சிப்பாய்க்கு ஒரு சந்தேகம். நான் அவருக்கும் சேர்த்து இன்னொரு தரம் குனிந்தேன்.

தம்பின் பாசாருக்குப் பின்னால் டோபி ரங்கனின் கொடிகளில் வெள்ளைக் கால்சட்டைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ரங்கன் எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே சட்டையைத்தான் பார்த்தான். தொழில் அப்படி.

"ஏண்டா கனி, ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வர்றீங்க. உங்கண்ணன் முதுகெல்லாம் நீலச் சுண்ணாம்பு. உன் முதுகு பூரா கரி. அவரு மாப்பிள்ளை வீட்டுலயும் நீ அடுப்புலயுமா படுத்தீங்க?"

"ஒரே வீட்டுலதான் நின்னோம். எனக்கு வாய்ச்ச சுவரு அப்படி," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அண்ணன் மெதுவாக என்னைத் திருப்பி நிறுத்தினார். என் முதுகைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி.

"நீ எங்க சாஞ்சே?"

"கதவு ஓரச் சுவத்துல."

அவர் ரங்கனைப் பார்த்து, "ஏழாங்கட்டை நீலாவதிக்கு நீலம் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"குடுத்தேன். ஐயோ, தப்பாண்ணே? துரைங்க சரக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"தப்பில்ல. தனியா வந்தாளா?"

"தனியாத்தான் வந்துச்சு. மொகமெல்லாம் வீங்கி, வெயில்ல நடந்து வந்ததுன்னு நெனச்சேன். ரெண்டு வீட்டுக்குக் காணுற அளவு நீலம் குடுத்தேன்ணே, ஏமாத்தல. அது குடுத்தது அப்படிப்பட்ட சாமான்." ரங்கன் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து வந்தான். மடிப்புக் கலையாத வேட்டி. கரை பட்டு. "அது புருஷனோட கல்யாண வேட்டியாம். இப்ப இப்படித் துணி யாருகிட்ட இருக்கு சொல்லுங்க! ஜனங்க சாக்கைக் கட்டிக்கிட்டு அலையுதுங்க."

நான் அந்த வேட்டியைக் கையில் வாங்கினேன். எவ்வளவோ நாளாக இவ்வளவு மெல்லிய துணியை நான் தொட்டதில்லை.  

"அண்ணே," என்றேன், "சயாம்லேர்ந்து ஒருத்தன் திரும்பி வந்தா எப்படி வருவான்? கோவணத்தோட வருவான். உடுத்துறதுக்கு வீட்டுல ஒரே ஒரு வேட்டி இருக்கு. அதை எடுத்துக் குடுத்துட்டு எந்தப் பொஞ்சாதிண்ணே சுவருக்கு நீலம் வாங்குவா?"

அண்ணன் ரங்கனின் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரை நான் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. கெட்டிக்காரத் திருடன் கையை விட்டு நழுவும்போதுகூட நிற்பவர்.

"வாசல்ல நின்னு பாக்கிறவங்களுக்கு மூணு சுவர்தான்டா தெரியும்," என்றார். "கதவை ஒட்டின சுவர் உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதை அவ விட்டுட்டா. புருஷனுக்காக அடிச்சிருந்தா நாலும் அடிச்சிருப்பா. வெளிய நிக்கிற யாருக்கோ காட்டுறதுக்காக அடிச்சிருக்கா. துக்க வீட்டுல சுண்ணாம்பு படாதுன்னு எனக்குத் தெரியுமில்ல, அவளுக்கும் தெரியும். அதை வெச்சே என்னை ஏமாத்திட்டா." எழுந்து நின்று சொன்னார், "என்னையில்ல. முத்தாயியை."

அப்படியே ஏழாங்கட்டைக்குத் திரும்பினோம். ரப்பர் பால் சேகரிக்கும் கொட்டகை தாண்டும்போது அண்ணன் இறங்கி நடந்தார். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

வெயில் தாழும் நேரம். நீலாவதி வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சேதி எப்பம்மா வந்துச்சு?"

கத்தி நின்றது. அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து வீடுகளைப் பார்த்தாள். யாரும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். நாங்களும் போனோம். கதவைச் சாத்தியதும் அந்த நாலாவது சுவர் கரிப்பிடித்துக் கறுப்பாக நின்றது. நடுவில் என் முதுகு துடைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"பகாவ் பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தர் தப்பிச்சு வந்தாரு," என்றாள். "பாசார்ல என்னைக் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. கேம்புல பேதி. மொதல்ல சடையனுக்கு வந்துச்சாம். வந்தவங்களை ஒரு கொட்டாயில தள்ளிருவாங்களாம், யாரும் கிட்டப் போகமாட்டாங்களாம். இவரு நல்லாத்தான் இருந்தாராம்ணே. அன்னிக்கு ராத்திரி ஓடிரலாம்னு அந்தாளு கூப்பிட்டிருக்காரு. வான்னு கையைப் புடிச்சு இழுத்திருக்காரு. பையனை விட்டுட்டு வரமுடியாது, அவங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு அந்தக் கொட்டாயிக்குள்ள போயிட்டாராம். தண்ணி குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். பையன் போயிட்டான். அப்புறம் இவருக்கும் வந்துச்சு."

நான் யா அல்லாஹ் என்றேன். 

"முத்தாயி அத்தை மேல எனக்கு ஆத்திரமா இருக்குண்ணே. அந்த வாக்கை வாங்காம இருந்திருந்தா எம்புருஷன் வந்திருப்பாரு. பாத்தா திட்டிருவேனோன்னு பயமா இருக்கு. அதான் கதவைச் சாத்துறேன்." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆனா அதுக்கு யாரு இருக்கா? தெனம் அந்த லாரி வந்த ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் தாலியைக் கழட்டினா அன்னிக்கே அதுக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு பேருக்கும் ஒரே விதின்னு அதுவேதானே கேட்டு வாங்குச்சு! அப்புறம், யாரால இவரு செத்தாருன்னும் தெரிஞ்சிரும். தாங்குமாண்ணே? பொங்கலுக்கு நான் வீட்டை வெள்ளையடிக்காமப் போட்டு வெச்சாலே சந்தேகப்படும். அதான் யாரும் பாக்காமப் போயிரக்கூடாதுன்னு நீலம் போட்டேன். கருமாதிகூடச் செய்யல அவருக்கு. "

"இந்தச் சுவரை ஏம்மா விட்டே?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முடியலண்ணே. மூணுக்கு மேல முடியல."

வெளியே வந்தபோது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சைக்கிள் மணியைத் துடைத்தேன்.

"முத்தாயிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பொய் சொல்லப் போறேன். இவ்வளவு பாடுபட்டுக் கட்டின பொய்யை நான் இடிக்கமாட்டேன்."

லயத்தின் கடைசி வீட்டுப் படியில் முத்தாயி அக்கா காத்திருந்தாள். நாங்கள் நீலாவதி வீட்டுக்குள் போனதையும் வந்ததையும் அங்கிருந்தே பார்த்திருக்கிறாள்.

"அய்யாக்கண்ணு வரலக்கா," என்றார் அண்ணன். "ஒளிச்சும் வெக்கல. ஆனா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு யாரோ சொல்லிவிட்டாங்களாம். சீக்கிரம் வந்துருவாங்கன்னு நம்பிக்கையில வெள்ளை அடிச்சிருக்கா. உங்ககிட்ட சொன்னா நீங்க ஊரெல்லாம் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டா."

முத்தாயியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "நான் ஏந்தம்பி சொல்றேன்? வாயைத் தெச்சுக்குவேன்! நல்லா இருக்காங்களா? சடையன் நல்லா இருக்கானாமா?"

"நல்லா இருக்கானாம்க்கா," என்று சொல்லிவிட்டு நான் சட்டென்று திரும்பினேன். என் முகம் பொய்க்கு ஒத்து வராது.

"நில்லு தம்பி, முதுகுல என்ன இம்புட்டுக் கரி? ஒரே சட்டைதானே வெச்சிருக்கே," என்று அவள் பின்னாலிருந்து தட்டிவிட்டாள். இரண்டு முறை தட்டினாள். மூன்றாவது தட்டு விழவில்லை. கை என் முதுகிலேயே நின்றது.

"இன்னிக்கு எங்கயெல்லாம் சாஞ்சே தம்பி?"

 அவள் அண்ணனின் முதுகைப் பார்த்தாள். நீலம். மறுபடி என் முதுகைப் பார்த்தாள். பிறகு லயத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கதவைப் பார்த்தாள். லயத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எந்த வீட்டில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று நாங்களா சொல்ல வேண்டும்?

"கதவுப் பக்கம் அடிக்கலையா அவ?" என்றாள்.

அண்ணன், "நீலம் தீந்துருச்சுக்கா," என்றார்.

"தம்பி." அவள் குரல் அடங்கிப் போயிருந்தது. "யாரு மொதல்ல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். பெரிய பெரிய ஆட்களிடம் சாமர்த்தியமாகப் பேசி உண்மையை வாங்கியவர், இந்த ஒரு கேள்விக்குப் பொய் கிடைக்காமல் நின்றார்.

"சடையன்தானே? அவன்தான் மொதல்ல. அவன் சின்னப்புள்ள, தாங்கமாட்டான். அப்ப அய்யாக்கண்ணு ஓடி வந்திருக்கலாம். வந்திருப்பான். நான்தான் அவனைக் கட்டிப்போட்டுட்டேன்." அவள் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்?

நன்றாக மங்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி, அவகிட்ட மிச்ச நீலம் இருக்குமா?"

"இருக்கும்க்கா. எதுக்கு?"

"என்கிட்ட சுண்ணாம்பு இருக்கு. எம்புள்ள வந்ததும் அடிக்கணும்னு வெச்சிருந்தேன். நானும் அடிக்கிறேன். அத்தை நம்பிருச்சுன்னு அவளுக்குத் தெரியட்டும். எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா அவ அன்னிக்கே தாலியைக் கழட்டணும். இருபத்திச் சொச்சம் வயசு. பொங்கல் வரைக்குமாச்சும் அவ கழுத்துல கெடக்கட்டும். என் வாயால அவளை முண்டச்சி ஆக்கமாட்டேன்."

நான் லயத்தின் நீளம் முழுக்க நடந்து நீலாவதி கதவைத் தட்டினேன்.

"அத்தை நீலம் கேக்குறாங்க தங்கச்சி. அவங்களும் வெள்ளை அடிக்கப் போறாங்களாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்பிட்டாங்களாண்ணே?"

"நம்பிட்டாங்க."

"சத்தியமா?"

"சந்தோஷத்துல தலைகால் புரியல அவங்களுக்கு," என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கந்தலில் முடிந்த நீலக் கட்டியை என் கையில் வைத்து இரண்டு கையாலும் பொத்திவிட்டாள்.

நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்திருந்தார். முத்தாயி தென்னை மட்டையை நுனி நசுக்கித் தூரிகை ஆக்கிக்கொண்டிருந்தாள். நீலத்தை முடிச்சோடு வாளியில் விட்டுப் பிழிந்தேன். கலக்கக் கலக்க அந்த வெளிர்நீலம் வந்தது. விளக்குக்கு எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது, அது தீர்வதற்குள் முடிக்க வேண்டும்.

நான் எதிர்ச் சுவரைப் பார்த்துப் போனேன்.

"அங்க இல்லடா," என்றார் அண்ணன். "கதவுப் பக்கத்துச் சுவர்லேர்ந்து ஆரம்பி."